அந்த வானம் அவ்வளவு கறுப்பா?

"நோ ஃபில்டர்" என்று போட்டுப் படம் பகிர்வதில் ஒரு சின்னப் பெருமை இருக்கு. நான் கை வைக்கவில்லை, கமரா கண்டதை அப்படியே தந்திருக்கிறேன், ஆகவே இது நேர்மையான படம் என்பது அதன் அர்த்தம். இதற்கு நேரெதிரான ஒரு கூட்டமும் இருக்கு. அவையளுக்கு எந்தப் படமும் ஏதாவதொரு பிரீசெற்றுக்குள்ளால் போய் வந்தால்தான் படம். ரெண்டு பகுதியும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகினம் என்பது என் எண்ணம். படம் எடுக்கிறது ஒரு வேலை, அதைத் திருத்துவது பிறகு வருகிற வேறொரு வேலை, விரும்பினால் செய்யலாம் இல்லாட்டி விடலாம் என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள்.

பாலைவனத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை வைத்து இதைக் கதைப்பது சுகம். அங்கே முகம் இல்லை, நிறம் இல்லை, சம்பவம் இல்லை. வானம், மணல், மலை, நிழல், அவ்வளவுதான். கலியாண வீட்டுப் படத்தில் வெளிச்சம் பிழைத்தாலும் மாமியின் சிரிப்பு படத்தைக் காப்பாற்றிவிடும். பாலைவனப் படத்தில் காப்பாற்ற ஒருவரும் வரமாட்டார்கள். சட்டகத்தை எங்கே வெட்டினாய், வானத்தை எவ்வளவு கறுப்பாக்கினாய், நிழலுக்குள் எதையாவது தெரிய விட்டாயா என்ற முடிவுகள்தான் முழுப் படமும்.

நான் எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை. பெயர் தெரியாவிட்டாலும் எங்கேயோ ஒரு சுவரொட்டியிலோ கலண்டரிலோ கண்டிருப்பீர்கள். கன்னங்கரிய வானம், அதில் சின்னதாக ஒரு நிலா, அடிவானத்தில் வெள்ளைப் பட்டியாக மேகம், பனி மூடிய மலைகள், அதற்கும் கீழே கையளவு கிராமம், ஒரு தேவாலயம், மயானத்தில் மினுங்குகிற சிலுவைகள். அன்சல் அடம்ஸ் எடுத்த 'மூன்றைஸ், ஹெர்னான்டெஸ், நியூ மெக்சிக்கோ'.

1941 நவம்பர் 1, பின்னேரம். அடம்ஸ் நியூ மெக்சிக்கோவின் சாமா பள்ளத்தாக்குப் பக்கம் படமெடுக்கப் போய், சொல்லும்படியாக ஒன்றும் அமையாமல் சான்ரா ஃபே நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். காரில் எட்டு வயது மகன் மைக்கேலும் நண்பர் செட்றிக் றைற்றும். ஹெர்னான்டெஸ் கிராமத்தைத் தாண்டும்போது கிழக்கே நிலா எழும்பி நிற்கிறது. மேற்கே விழுகிற சூரியனின் கடைசி வெளிச்சம் மயானத்துச் சிலுவைகளைத் தொட்டுக்கொண்டிருக்கு. காரை நிறுத்தி, 8 க்கு 10 அங்குலப் படச்சுருள் போடுகிற பெரிய கமராவை இறக்கிப் பூட்டினால், வெளிச்சம் அளக்கிற மீற்றரைக் காணவில்லை. தேட நேரமும் இல்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கன்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்குப் போட்டார். கடும் மஞ்சள் பில்டர், எஃப் 32, ஒரு செக்கன். இரண்டாவது படம் எடுப்பதற்காகப் படச்சுருள் பெட்டியைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளை விட்டு வெளிச்சம் போய்விட்டது. ஆக, ஒரே ஒரு நெகற்றிவ்.

இந்தக் கதையைச் சொல்கிற ஆட்கள் பொதுவாக இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மேதை, கண நேரம், மனக்கணக்கு, கைதட்டு. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதையாகத் தெரியுது.

ஏனென்றால் அந்த நெகற்றிவ் பிரின்ற் போடக் கஷ்டமான நெகற்றிவ். கீழ்ப்பகுதி, அதாவது கிராமமும் புதர்க்காடும், மெலிந்து கிடந்தது. வானம் தேவைக்கு அதிகமாகப் பதிந்திருந்தது. முதல் சில வருடங்களில் போட்ட பிரின்ற்களைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். வானம் சாம்பல் நிறம், அதில் மெல்லிய மேகக் கீற்றுகள் நீளநீளமாக இழுபட்டுக் கிடக்கும். நல்ல படம்தான், ஆனால் கலண்டரில் கண்ட அந்தப் படம் இல்லை. 1948 இல் அடம்ஸ் ஒரு துணிச்சலான வேலை செய்தார். இருந்த ஒரே நெகற்றிவின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனத்தில் நனைத்துச் செறிவாக்கினார். கை தவறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அதற்குப் பிறகும் வருடத்துக்கு வருடம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. 1970களில் போட்ட பிரின்ற்களில் மேலிருந்த மேகக் கீற்றுகள் அநேகமாகக் காணாமல் போய்விட்டன. வாழ்நாளில் இந்த ஒரு நெகற்றிவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரின்ற்களை அவர் தன் கையாலேயே போட்டிருக்கிறார்.

கையால் என்றால் உண்மையாகவே கையால். இருட்டறையில் நெகற்றிவுக்குள்ளால் வெளிச்சம் கடதாசியில் விழும். எந்த இடத்தில் அதிக நேரம் விழுகிறதோ அந்த இடம் கறுக்கும். ஆகவே ஒரு மட்டையை வெளிச்சத்துக்குக் குறுக்கே பிடித்து, கரை விழாமல் ஆட்டிக்கொண்டே, இந்த இடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக என்று பங்கு பிரிக்க வேண்டும். மறைத்து வெளிறச் செய்வது டொட்ஜிங், கூடுதலாக வெளிச்சம் கொடுத்துக் கறுக்கச் செய்வது பேர்னிங். போனில் விரலால் தேய்க்கிறோமே, லைட்ரூமில் அதே பெயரில் இருக்கே, அதன் பூட்டன் இதுதான். 'மூன்றைஸ்' படத்துக்கு மலைக்கோட்டிலிருந்து மேல்நோக்கி வானத்தைப் படிப்படியாகச் சுட வேண்டும், கிராமத்தைக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் திரும்பத் திரும்ப இதே நடனம்.

அடம்ஸ் படப்பிடிப்புக்கு வருவதற்கு முன் பியானோக்காரராக வரப் படித்தவர். நெகற்றிவ் என்பது இசைக்குறிப்பு மாதிரி, பிரின்ற் என்பது அதை மேடையில் வாசிப்பது மாதிரி என்று அவர் சொல்லிவந்தது அதனால்தான். இந்த ஒப்பீட்டை நான் முழுமனதோடு ஏற்கிறேன். குறிப்பு ஒன்றுதான், வாசிப்பு ஒவ்வொரு நாளும் வேறு. "எடிட் பண்ணாத படம்" என்று ஒன்று இருக்கு என்பவர்கள், குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு இதுதான் பாட்டு என்கிறார்கள். அதோடு போன் கமராவில் எடிட் இல்லாத படம் என்று ஒன்று வருவதே இல்லை. நிழலைத் தூக்குவது, வானத்தை அடக்குவது எல்லாவற்றையும் போன் செய்த பிறகுதான் அது உங்கட திரைக்கு வருகுது. வாசித்தது யாரோ ஒரு பொறியியலாளர், "நோ ஃபில்டர்" பெருமை மட்டும் எங்களுக்கு.

இனி அந்தத் தலைப்புக் கேள்வி. அந்த வானம் உண்மையிலேயே அவ்வளவு கறுப்பா?

இல்லை. இதை நாங்கள் நிச்சயமாகச் சொல்லலாம், காரணம் நிலாவே சாட்சி. அடம்ஸுக்குத் திகதி நினைவிருக்காது. இந்தப் படத்துக்கு 1940 இலிருந்து 1944 வரை வெவ்வேறு வருடங்களைச் சொல்லியிருக்கிறார். நிலா நிற்கிற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு 1991 இல் டெனிஸ் டி சிக்கோ என்ற வானியல் எழுத்தாளர் நாளையும் நேரத்தையும் பிடித்தார்: நவம்பர் 1, பின்னேரம் 4 மணி 49 நிமிடம். சூரியன் இன்னும் அடையவில்லை. அந்த நேரத்து வானம் வெளிச்சமாகத்தான் இருந்திருக்கும். அப்ப அந்தக் கறுப்பு பொய்யா?

இங்கேதான் கொஞ்சம் தொழில்நுட்பம் கதைக்க வேண்டியிருக்கு, பொறுத்துக்கொள்ளுங்கோ. பாலைவனத்தில் காற்று உலர்ந்தது. தூசி இல்லாத நாளில் வெயில் கத்தி மாதிரி விழும். மணலின் வெளிச்சத்துக்கும் பாறை இடுக்கு நிழலுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கையும் தாண்டிவிடும். மினுங்குகிற புகைப்படக் கடதாசியில் மிக வெள்ளைக்கும் மிகக் கறுப்புக்கும் இடையில் கிடைப்பது ஏறத்தாழ நூறு மடங்குதான். ஆயிரத்தை நூறுக்குள் அடைக்க வேண்டுமென்றால் எதையாவது நசுக்கத்தான் வேண்டும். எதை நசுக்குவது என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். தீர்மானிக்காமல் விட்டால் இயந்திரம் தீர்மானிக்கும். இயந்திரத்தின் தீர்மானம் எப்போதும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் நடுச் சாம்பலுக்குக் கொண்டுவா.

மணலை எடுத்த படங்கள் பாணிச் சாம்பாறு மாதிரி மங்கலாக வருவதற்குக் காரணம் இதுதான். கமராவின் மீற்றருக்கு மணல் என்றும் பனி என்றும் தெரியாது. முன்னால் இருப்பது சராசரிச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அளக்கும். வெள்ளை மணலைக் கண்டால் "அடடா, வெளிச்சம் கூடிப்போச்சு" என்று குறைத்துவிடும். எங்கட மணற்காட்டு மணல்மேட்டில் மத்தியானம் எடுத்த படங்களில் மணல் சீமெந்து மாதிரி இருப்பதும் இதே காரணத்தால்தான். எடுக்கும்போதே ஒரு படியோ ஒன்றரைப் படியோ வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தால் மணல் மணலாக வரும். அதைவிட நல்லது மத்தியானம் போகாமல் விடுவது.

நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போதும் ஒரு முடிவு இருக்கு. வானத்தின் ஒளி நீலம், மணலின் ஒளி மஞ்சளும் சிவப்பும் கலந்தது. மஞ்சள் அல்லது சிவப்பு பில்டர் நீலத்தைத் தடுக்கும், ஆகவே வானம் கறுக்கும், மணல் வெளுக்கும். மணல்மேட்டு நிழலுக்குள் வெளிச்சம் தருவதும் நீல வானம்தான் என்பதால் நிழலும் சேர்ந்து ஆழமாகும். அடம்ஸ் லென்ஸுக்கு முன்னால் பூட்டிய அந்த மஞ்சள் கண்ணாடியைத்தான் இன்றைக்கு எடிட்டிங் அப்ளிகேஷன்களில் நீலத்தை இறக்கி, மஞ்சளை ஏற்றிச் செய்கிறோம். சும்மா 'மோனோ' பொத்தானை அமத்தினால், வானமும் மணலும் ஒரே சாம்பலாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். கறுப்பு வெள்ளைப் பாலைவனப் படங்கள் கனக்க தோற்றுப்போவது இந்த ஒரு இடத்தில்தான்.

ஆகவே கறுப்பு வானம் பொய்யா என்றால், என் பதில்: வானத்தின் நிறத்தைப் பற்றிய தகவலாக எடுத்தால் பொய். அந்த இடத்தில் நின்றவனின் கண் எங்கே போய் நின்றது என்பதாக எடுத்தால் பொய்யில்லை. நிலாவையும் சிலுவைகளையும் மாறிமாறிப் பார்க்கிற மனுசனுக்கு நடுவில் இருக்கிற வானம் தெரியாது. அந்தத் தெரியாமையைக் கடதாசியில் கொண்டுவர இருக்கிற ஒரே வழி கறுப்பு. நாங்கள் கண்ணால் பார்ப்பது போல ஒரு கமராவும் பார்ப்பதில்லை, அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பிரின்ற்.

இதே அடம்ஸ் 1948 வாக்கில் டெத் வலியில் எடுத்த மணல்மேட்டுப் படத்தையும் தேடிப் பாருங்கோ. காரின் மேலே கமரா வைக்கிற தட்டில் படுத்துக் கிடந்து, விடிய முன்னம் எழும்பி மணலுக்குள் நடந்து போய் எடுத்த படம். வளைந்து நெளிந்து போகிற ஒரு முகடு, அதற்கு ஒரு பக்கம் இருட்டு, மற்றப் பக்கம் வெளிச்சம். அடிவானம் பற்றிக் கவலையே இல்லை. பாலைவனம் என்றவுடனே "பரந்து விரிந்த" என்று மனதுக்குள் ஒரு சொல் ஓடும், உடனே படத்தையும் அகலமாக எடுத்துவிடுவோம். அகலமாக எடுத்தால் கிடைப்பது மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி வெறும் மணல், நடுவில் ஒரு கோடு. பரப்பைக் காட்டப் பரப்பை முழுக்க எடுக்கத் தேவையில்லை. ஒரு முகடு சட்டகத்தின் ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலைக்கு வெளியே ஓடினால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் தானே நடந்து போய்ப் பார்ப்பார்.

எட்வேர்ட் வெஸ்டன் 1936 இல் கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளை எடுத்தது இன்னும் கடும் பிடிவாதம். அது கடற்கரை மணல்தான், பாலைவனம் இல்லை, ஆனாலும் மணலைக் கறுப்பு வெள்ளையில் எப்படிப் பார்ப்பது என்று படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அவர் பெருப்பிப்பதில்லை. நெகற்றிவைக் கடதாசிக்கு மேல் வைத்து அதே அளவில் பிரின்ற் போடுவார். ஆகவே சட்டகத்தைக் கமராவின் பின்பக்கக் கண்ணாடியிலேயே, தலைகீழாகத் தெரிகிற பிம்பத்திலேயே தீர்மானித்து முடித்தாக வேண்டும். தலைகீழாகப் பார்ப்பது சும்மா இடைஞ்சல் மாதிரித் தெரியும், ஆனால் அது பெரிய உதவி. மணல் என்பது மறந்துபோய் வெறும் கறுப்பு வடிவமும் வெள்ளை வடிவமும்தான் கண்ணில் படும். உங்கட படத்தைப் போனில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கோ, எங்கே பாரம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு என்று உடனே தெரியும்.

பிரின்ற் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், எத்தனை பேர் இன்றைக்குப் படத்தைக் கடதாசியில் பார்க்கிறோம்? நான் சொல்கிறேன், ஒரு தடவையாவது போட்டுப் பாருங்கோ. பெரிசாக வேண்டாம், உள்ளங்கை அளவு போதும். திரை தன் வெளிச்சத்தால் எல்லாவற்றையும் வடிவாக்கிக் காட்டிவிடும். கடதாசி அந்த உதவியைச் செய்யாது. திரையில் "நிழலுக்குள் எல்லாம் தெரியுது" என்று நினைத்தது கடதாசியில் ஒரே மையாக இருக்கும். அந்தக் காலத்து ஆட்களுக்கும் இதே பிரச்சினைதான். ஈரமாக இருக்கும்போது மினுமினுத்த பிரின்ற் காய்ந்தவுடன் ஒரு படி கறுத்து மங்கிவிடும். அடம்ஸ் பிற்காலத்தில் சோதனைப் பிரின்ற்களை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் காயவைத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பாராம். எனக்கு அவரில் மிகவும் பிடித்த விசயம் இதுதான். மலைகளின் மகாகவி என்று உலகம் கொண்டாடுகிற மனுசன் அடுப்புக்கு முன்னால் நின்று படம் வேகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் அடம்ஸுக்காக வாதாடியாயிற்று. இனி எனக்கு உறுத்துகிற பகுதி.

முதலாவது, 'மூன்றைஸ்' படத்தின் 1970களின் கறுப்பு வானம் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. பழைய, சாம்பல் வானப் பிரின்ற்களில் ஹெர்னான்டெஸ் ஒரு ஊராக இருக்கு. மேகம் அந்த ஊருக்கு மேலே போகிற மேகம். பின்னேரம் ஆகிவிட்டது, யாரோ வீட்டுக்குத் திரும்புகிற நேரம் என்று ஒரு உணர்வு வரும். கறுப்பு வானத்தில் ஊர் ஒரு மேடைப் பொருளாகிவிடுகிறது. நிலாவும் அண்டவெளியும் நாடகம் போட, கீழே கிராமம் அலங்காரம். அந்தச் சிலுவைகளுக்குக் கீழே புதைக்கப்பட்டிருப்பது உண்மையான ஆட்கள், அந்தத் தேவாலயம் ஸ்பானிய மொழி பேசிய ஏழை விவசாயிகளுடையது. வானம் கறுக்கக் கறுக்க அவர்கள் சின்னதாகிக்கொண்டே போகிறார்கள். தான் முதலில் மனதில் கண்ட காட்சிக்குச் சமமான பிரின்ற் 1970களில்தான் கிடைத்தது என்று அடம்ஸ் சொன்னார். முப்பது வருடமாக ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு, மனதில் முதலில் கண்டது எது, வாசித்து வாசித்து உருவானது எது என்று யாரால் பிரிக்க முடியும்? சந்தைக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. 2006 இல் ஒரு பிரதி ஏலத்தில் ஆறு இலட்சம் டொலருக்கு மேல் போனது.

ஆனாலும் இது சுவை பற்றிய சண்டை. இன்னொரு படம் இருக்கு, அது சுவையோடு முடிவதில்லை.

1944 குளிர்காலம். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, சியறா நெவாடா மலைகளின் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற வறண்ட பூமி. லோன் பைன் என்ற சின்ன ஊருக்கு வெளியே அடம்ஸும் மனைவி வேர்ஜீனியாவும் நாலு நாள் விடியக்காலமை குளிரில் போய் நின்று வெறுங்கையோடு திரும்பி, ஐந்தாம் நாள் கிடைத்த படம். பின்னால் சூரியன் பட்ட வெண்பனி மலைகள், நடுவில் கறுப்புக் குன்றுகள், முன்னால் வெயில் விழுந்த ஒரு துண்டுப் புல்வெளியில் ஒரு குதிரை. அந்தக் குதிரை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றதாம், கடைசிக் கணத்தில்தான் திரும்பியதாம். இதுவரைக்கும் அழகான கதை. அந்த நடுக் குன்றில் லோன் பைன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைக் கற்களால் எல், பி என்று இரண்டு பெரிய எழுத்துகளைப் பதித்திருந்தார்கள். தங்கட ஊரின் முதலெழுத்துகள். அடம்ஸ் அந்த எழுத்துகளை நெகற்றிவிலேயே அழித்தார். மிச்சம் தெரிந்ததைப் பிரின்ற்றில் மை தொட்டு மறைத்தார். அவர் இதை ஒளிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. அது நிலத்தின் மேல் ஒரு வடு என்பது அவரின் நிலைப்பாடு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. வானத்தைக் கறுப்பாக்குவதும் எழுத்தை அழிப்பதும் ஒரே மேசையில், ஒரே மனுசன், ஒரே நோக்கத்தோடு செய்த வேலைகள்தான். "படத்துக்கு நல்லது" என்ற ஒரே நியாயம்தான் இரண்டுக்கும். ஆனால் முதலாவதில் இருந்த ஒன்று அடர்த்தியாகிறது. இரண்டாவதில் அங்கே இருந்தவர்கள் தாங்கள் இருந்தோம் என்று எழுதி வைத்தது இல்லாமல் போகிறது. 2016 இல் ஸ்டீவ் மக்கறியின் சில படங்களில் ஆட்களே நீக்கப்பட்டிருந்தது வெளிவந்தபோது பெரிய சத்தம் எழுந்தது. குன்றில் எழுதிய இரண்டு எழுத்துக்கு யாரும் அந்தளவு சத்தம் போடவில்லை. இயற்கைப் படம்தானே, போகட்டும் என்ற மனநிலை. அமெரிக்க மேற்கு என்பது மனிதர் தொடாத நிலம் என்று உலகம் முழுக்க ஒரு எண்ணம் பரவியதில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பங்கிருக்கு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளும் அந்தச் சட்டகங்களுக்குள் பெரும்பாலும் வரவில்லை.

அடம்ஸ் ஏன் 1944 இல் லோன் பைனில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் மன்சனார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சொந்த ஜப்பானிய வம்சாவளி மக்களை வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவரச் செய்து அடைத்து வைத்த முகாம்களில் ஒன்று. பத்தாயிரம் பேர் அந்தப் பாலை நிலத்தில், தார்க் கடதாசி ஒட்டிய பலகைக் கொட்டில்களில், புழுதிக் காற்றுக்குள் இருந்தார்கள். அடம்ஸ் 1943 இலிருந்து அங்கே போய்ப் படமெடுத்தார். காவற் கோபுரத்தையும் முட்கம்பியையும் படத்தில் காட்டக்கூடாது என்பது அதிகாரிகளின் நிபந்தனை. அவர் எடுத்தவை பெரும்பாலும் நிமிர்ந்த, சிரித்த முகங்கள், தோட்டம், பள்ளிக்கூடம், பின்னால் கம்பீரமாக மலை. 1944 இல் அதைப் புத்தகமாகவும் போட்டார், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இவர்களும் அமெரிக்கர்கள்தான் என்று சொல்லி. அதற்குத் துணிச்சல் வேண்டும், மறுக்க மாட்டேன். ஆனால் அவருக்கு முன்னர் 1942 இல் அதே இடத்தில் டொரத்தியா லாங் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. புழுதி, வரிசை, காத்திருப்பு, களைப்பு. இராணுவம் அந்தப் படங்களைப் போர்க்காலம் முழுக்க முடக்கி வைத்தது. முகாமுக்குள்ளேயே அடைபட்டிருந்த ரோயோ மியாற்றாக்கே என்ற ஸ்டூடியோக்காரர் ஒரு லென்ஸைக் களவாக உள்ளே கொண்டுவந்து, பலகையால் கமரா செய்து படமெடுத்தார். மூன்று பேர், ஒரே நிலம், ஒரே வெயில்.

மன்சனாரிலிருந்து அடம்ஸ் எடுத்த படங்களில் மிகப் புகழ் பெற்றது எது தெரியுமா? வில்லியம்சன் மலை. முன்னால் பெரிய பெரிய பாறைகள், பின்னால் புயல் மேகம், அதைக் கிழித்துக்கொண்டு இறங்குகிற வெளிச்சம். சட்டகத்துக்குள் ஒரு மனுசன் இல்லை, ஒரு கொட்டில் இல்லை. படத்தின் பெயரில் மட்டும் 'மன்சனாரிலிருந்து' என்று இருக்கு. தொழில் ரீதியாக அதில் நான் ஒரு குறையும் பிடிக்க மாட்டேன். பாறைகளின் மேற்பரப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், தூரத்து மலை காற்றில் மிதக்கும். ஆனால் அந்தச் சட்டகத்தை முடிவு செய்தபோது எது வெளியே நின்றது என்று தெரிந்த பிறகு, அந்த வெளிச்சத்தை என்னால் சும்மா ரசிக்க முடியவில்லை. ரசிக்கிறேன், ஆனால் சும்மா இல்லை.

யாராவது "அப்ப எடிட் பண்ணலாமா, கூடாதா?" என்று நேராகக் கேட்டால், தாராளமாகப் பண்ணுங்கோ என்பதே என் கட்சி. கறுப்பாக்குங்கோ, வெளுப்பாக்குங்கோ, வானத்தில் முக்கால்வாசியை வெட்டி எறியுங்கோ. வெட்டுவதற்கு முதல் எல்லைக்கோட்டில் என்ன நிற்கிறது என்று ஒருக்கால் பாருங்கோ. மணல் படத்தில் தூரத்தில் தெரிகிற மின்கம்பி, ரயர் தடம், யாரோ காயப்போட்ட வலை, இவையெல்லாம் "இடைஞ்சல்" என்று விரல் தானாகப் போய் அழிக்கப் பார்க்கும். சில வேளை அதுதான் படத்தில் இருக்கிற ஒரே ஆள்.

அடம்ஸ் தன் மன்சனார்ப் படங்களை 1965 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கு, தரவிறக்கவும் முடியும். அதில் ஒரு அருமையான வசதி, பிரின்ற்றோடு சேர்த்து நெகற்றிவையும் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட படங்கள். இரண்டையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தால் எந்த முகத்தை வெளிச்சமாக்கினார், எந்த வானத்தை இறக்கினார், எந்தக் கரையில் எவ்வளவு வெட்டினார் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். போனில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கோ. முதலில் நெகற்றிவைத் திறந்து, நீங்கள் என்றால் எங்கே வெட்டுவீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, பிறகு அவரின் பிரின்ற்றைத் திறவுங்கோ.